கணக்குக் கேட்பவர்

சென்ற ஞாயிற்றுக்கிழமை இரவு எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு வழக்கு விசாரணை நடைபெற்றது. குற்றவாளி, அமெரிக்க தேசத்தில் நியூ மெக்ஸிகோ மாகாணத்தைச் சேர்ந்த ஆல்புகர்க்கி நகரத்து உபாத்தியாயர் ஒருவர். ரஸாயன சாஸ்திரம் கற்பிப்பவர். கொலை, வஞ்சகம், போதை மருந்து காய்ச்சுதல் முதலிய குற்றங்கள் அவர்மீது ஐயமற ருசுவாகியிருந்தன. ஆயினும் விசாரணை முறைப்படி நடக்கவில்லை. வீட்டிலிருந்த நால்வரில் மூவர் குற்றவாளிக்கு வக்கீலாக அமர்ந்துவிட்டோம். நான் ஒருவன், கல்லூரியில் படிக்கும் என் மகள் ஒருத்தி, எழுபத்தைந்து பிராயமான என் தாயார் மூன்றாமவர். எதிர்க்கட்சியில் என் மனைவி ஒருத்தியே நின்றாள்.

நேயர்கள் திகைக்க வேண்டாம். அந்த உபாத்தியாயர் ரத்தமும் சதையுமாக வாழ்ந்தவர் அல்லர். ‘பிரேக்கிங் பேட்’ என்னும் தொலைக்காட்சித் தொடரின் கதாநாயகர். பெயர் வால்டர் ஒயிட். 2008-ஆம் வருஷம் ஜனவரியில் ஆரம்பித்து 2013-ஆம் வருஷம் செப்டம்பரில் முடிந்த அந்தத் தொடரில் மொத்தம் 62 பகுதிகள். “அப்பா, இது ஒரு வாத்தியாருடைய கதை, நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும்” என்று என் மகள் அழைத்தாள். வாத்தியார் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குச் சபலம் தட்டிவிட்டது. பாஷை புரியாத பாட்டிக்குப் பேத்தி கதை சொல்ல, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நாள்தோறும் பார்த்து வந்தோம்.

அன்றிரவு பார்த்த பகுதியில், நேரங்கழித்து வீடு திரும்பிய வால்டரை அவர் மனைவி ஸ்கைலர் மறித்துக்கொண்டு, எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டாள். “இந்த அம்மாள் வாயை மூடவே மாட்டாளா?” என்று என் மகள் சீறினாள். “பாவம், மனுஷனை நிம்மதியாக இருக்க விடமாட்டேன் என்கிறாளே!” என்றேன் நான்.

துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த என் மனைவி தலையை நிமிர்த்தினாள். “உயிர்க்கொலை செய்துவிட்டு வந்தவனைப் பார்த்துப் பாவம் என்கிறீர்கள். எங்கே போயிருந்தாய் என்று கேட்டவளை வாயை மூடச் சொல்கிறீர்கள். அவள் செய்த குற்றந்தான் என்ன? கணக்குக் கேட்டாள், அவ்வளவுதானே?” என்றாள்.

அதற்கு அப்போது எங்களிடம் பதில் இல்லை. நான்கு நாளாக யோசித்ததில் எனக்குக் கிடைத்த பதில் அவ்வளவு சந்தோஷமானதாக இல்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

* * *

முதலில் வழக்கின் விவரத்தைப் பார்ப்போம். கதையின் ஆரம்பத்தில் வால்டர் ஒயிட்டை வெறுக்க யாராலும் இயலாது. அன்று அவருக்கு ஐம்பதாவது பிறந்த நாள். வகுப்பில் அவர் பாடத்தைச் செவிமடுப்பார் இல்லை. பள்ளிச் சம்பளம் போதாமல் மோட்டார் கார் கழுவும் நிலையம் ஒன்றில் வேலை செய்கிறார். வகுப்பிலே தம்மை மதியாத மாணவனுடைய காரையே அங்கே குனிந்து துடைக்க நேருகிறது. பையன் பார்த்துச் சிரிக்கிறான். மனைவி கர்ப்பவதி. மகன் கோல்களை ஊன்றி நடக்கும் பிள்ளை. இத்தனைக்கும் மேலாக, நுரையீரலில் புற்றுநோய் என்கிறார் வைத்தியர். தாம் போன பிறகு குடும்பம் என்ன ஆகும் என்ற கவலையில், தமக்குத் தெரிந்த ஒரே வித்தையான ரஸாயனத்தைக்கொண்டு, ஜெஸ்ஸி என்ற பழைய மாணவனோடு சேர்ந்து போதை மருந்து காய்ச்சத் தொடங்குகிறார். கதையை உண்டாக்கிய வின்ஸ் கில்லிகன் தம் நோக்கத்தை ஒளிக்கவில்லை. நல்லாசிரியராகிய ‘மிஸ்டர் சிப்ஸ்’ என்பவரைக் கொள்ளைக் கூட்டத் தலைவனாகிய ‘ஸ்கார்ஃபேஸ்’ ஆக்கிக் காட்டுவதே தம் எண்ணம் என்று பலமுறை சொல்லியிருக்கிறார். ரஸிகர்களுடைய அநுதாபம் படிப்படியாகத் தேய்ந்து போக வேண்டும் என்பதே ஏற்பாடு.

தேய்ந்ததா? முதல் பருவத்திலேயே, செல்வந்தரான பழைய நண்பர் வைத்தியச் செலவு முழுவதையும் ஏற்க முன்வருகிறார். வால்டர் அகங்காரத்தினால் மறுக்கிறார். குடும்பத்துக்காகத்தான் செய்தேன் என்ற வாதம் அந்த இடத்திலேயே முறிந்துவிட்டது. நாங்கள் கவனிக்கவில்லை. 2009-ஆம் வருஷத்துப் பகுதி ஒன்றில், ஜெஸ்ஸியின் காதலி மயக்கத்தில் வாந்தியெடுத்து மூச்சுத் திணறுகிறாள். வால்டர் கைநீட்டினால் பிழைத்துவிடுவாள். அவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டே நிற்கிறார். அவளுடைய தகப்பனார் ஆகாய விமானங்களுக்கு வழிகாட்டும் உத்தியோகஸ்தர். புத்திர சோகத்தில் அவர் தவறிழைக்க, இரண்டு விமானங்கள் மோதி 167 பேர் மாள்கிறார்கள். “அது விபத்து” என்றாள் என் மகள். 2011-இல் ஒரு சிறுவனுக்கு விஷம் ஊட்டப்படுகிறது. “பிள்ளை பிழைத்துவிட்டானே!” என்றார் என் தாயார். 2012-இல், தம் கூட்டத்தான் ஒருவன் சாக்ஷியாக வந்த பையனைச் சுட்டுக் கொன்றுவிட, அதற்காகத் தூக்கமே வரவில்லை என்று துக்கம் சொன்ன வால்டர், மறு நிமிஷம் சீட்டியடித்துக்கொண்டு வேலையில் இறங்குகிறார். அங்கேதான் எனக்கு முதன்முதலாக முதுகு சில்லிட்டது. அதுவும் அடுத்த பகுதிக்குள் மறந்துபோயிற்று.

இனி, ஸ்கைலர் செய்தவை என்ன? கணவன் சொல்லும் பொய்களை நம்ப மறுத்தாள். எஜமானருக்குப் பொய்க் கணக்கு எழுத உடன்பட்டாள். அவரோடு தகாத சிநேகமும் கொண்டாள். பிற்பாடு, கணவனுடைய பாவப் பணத்தை நல்ல பணமாக்குவதற்கு அதே கார் கழுவும் நிலையத்தை விலைக்கு வாங்கி நடத்தினாள். ஆகவே அவளும் உத்தமி அல்லள். ஆனால் வால்டர் செய்தவற்றை ஒரு தட்டிலும் இவற்றை மற்றொரு தட்டிலும் வைத்தால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதற்கு வியாக்கியானம் வேண்டாம்.

அப்படியிருந்தும், ஒளிபரப்பு நடந்த காலத்தில் அமெரிக்க ரஸிகர்களில் ஒரு பெரும் கூட்டம் வெறுத்தது ஸ்கைலரைத்தான். அந்த வேஷத்தைத் தரித்த நடிகை ஆன்னா கன், 2013-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையில் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பாத்திரத்தின்மீது எழுந்த துவேஷம் பாத்திரத்தோடு நிற்காமல் தம்மீதே பாய்ந்ததென்றும், தம்மைக் கொல்வதற்காகத் தாம் இருக்குமிடத்தை ஒருவர் விசாரித்திருந்ததைக் கண்ணால் பார்த்ததாகவும் அதில் தெரிவித்தார். மனைவி என்பவள் எப்படி அடங்கியிருக்க வேண்டும் என்று ஜனங்கள் மனத்தில் வைத்திருக்கும் பழைய அச்சில் ஸ்கைலர் அடங்கவில்லை என்பதே காரணம் என்பது அவர் கட்சி. அடுத்த மாதமே அந்த வேஷத்துக்காக அவருக்கு எம்மி பரிசு கிடைத்தது. கொலைகாரனாக நடித்த பிரையன் கிரான்ஸ்டனுக்கோ நான்கு எம்மி பரிசுகளோடு, உலகத்தார் அன்பும் சேர்ந்து கிடைத்தது.

ஆன்னா கன் சொல்வதில் உண்மை உண்டு. வால்டரின் சகலையான ஹாங்க், போதை மருந்துக் குற்றங்களை விசாரிக்கும் அதிகாரி. கதை முழுவதும் வால்டருக்கு எமனாக இருப்பவர். அவரை யாரும் அப்படி வெறுக்கவில்லை. தடுக்கும் ஆண்பிள்ளை வீரன். தடுக்கும் பெண்பிள்ளை பிடாரி. ஆனால் காரணம் இவ்வளவோடு முடிந்துவிடவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

* * *

மர்ரே ஸ்மித் என்ற அறிஞர் 1995-இல் சினிமாப் பாத்திரங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கதை நம்மை ஒருவருடைய கூடவே நடத்திச் செல்வது ஒன்று. அவரை நல்லவரென்று மனம் ஒப்புவது மற்றொன்று என்று அவர் பிரித்துக் காட்டுகிறார். பிரித்துச் சொல்வது எளிது. கூடத்தில் உட்கார்ந்து பார்க்கையில் முன்னது நம்மை அறியாமலே பின்னதை இழுத்து வந்துவிடுகிறது.

காமிரா யாருடைய தோளின்மீது அமர்ந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். வால்டர் குளியல் அறையில் தனியாக அழுவது நமக்குத் தெரியும். எந்தப் பொய்யை எதற்காகச் சொன்னார் என்பது தெரியும். ஸ்கைலருக்கு ஒன்றும் தெரியாது. முதல் பருவத்தில் பெரும்பாலும் அவளை நாம் வாசற்படியில்தான் பார்க்கிறோம். வால்டர் உள்ளே நுழையும்போது, எங்கே போயிருந்தீர்கள் என்ற கேள்வியோடு நிற்கிறாள். அந்த நிமிஷத்தில் நாம் எந்தப் பக்கத்தில் இருக்கிறோம்? வால்டரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறோம். அவர் சொல்லப்போகும் பொய் ஒப்பேறிவிட வேண்டுமே என்று நமக்கும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. நாம் அவருக்கு உடந்தை. உடந்தையானவனுக்குக் கேள்வி கேட்பவளைப் பிடிக்குமா?

ஹாங்கின் விஷயம் வேறு. இரவில் அவர் பயந்து நடுங்குவதையும், குண்டடிபட்டுப் படுக்கையில் கிடந்து மனைவிமீது எரிந்து விழுவதையும் நமக்குத் தனியே காட்டினார்கள். அவருடைய உள்ளறைக்கும் ஒரு சாவி கொடுத்தார்கள். ஸ்கைலருக்கு அந்தச் சாவி வெகு தாமதமாகவே கிடைத்தது. 2012-இல் வந்த ஒரு பகுதியில் கணவனுடைய ஐம்பத்தோராவது பிறந்த நாளன்று, உடுத்திய துணியோடு நீச்சல் குளத்துக்குள் இறங்குகிறாள். குழந்தைகளை அந்த வீட்டிலிருந்து அப்புறப்படுத்த அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. அதைப் பார்த்தபோது என் தாயார் முதன்முறையாக, “ஐயோ, பெண்ணே!” என்றார். ஆனால் அதற்குள் நாலு வருஷக் கதை ஓடிவிட்டது.

கதை சொல்வோர் கையாளும் தந்திரங்கள் இன்னும் உண்டு. ஒன்று, கதாநாயகன் பக்கத்தில் அவனைக் காட்டிலும் கறுப்பான ஒருவனை நிறுத்திவிடுவது. 1999 முதல் 2007 வரை ஒளிபரப்பான ‘தி ஸொப்ரானோஸ்’ தொடரின் நாயகன் டோனி, நியூ ஜெர்ஸியில் ஒரு கொள்ளைக் கூட்டத்தின் தலைவன். அதன் ஐந்தாம் பகுதியில், மகளைக் கல்லூரியில் சேர்ப்பதற்காக ஊர் ஊராக அழைத்துச் செல்லும் வழியில், தன் கூட்டத்தைக் காட்டிக்கொடுத்த பழைய ஆள் ஒருவனைக் கண்டு, தன் கையாலேயே கழுத்தை நெரித்துக் கொல்கிறான். இதைக் காட்டினால் ஜனங்கள் நாயகனைக் கைவிட்டுவிடுவார்கள் என்று தொலைக்காட்சி நிலையத்து அதிகாரிகள் அஞ்சினார்கள். கதாசிரியர் டேவிட் சேஸ் விட்டுக்கொடுக்கவில்லை. காட்டினார்கள். ஜனங்கள் கைவிடவில்லை, அந்தப் பகுதிக்குப் பரிசும் கிடைத்தது. மகளிடம் பிரியமாகப் பேசும் தகப்பனையும் கொலைகாரனையும் ஒரே மணி நேரத்தில் பார்த்தோம். தகப்பனை வைத்துக்கொண்டு கொலைகாரனைத் தள்ளிவிட்டோம். அதே தொடரில் ரால்ஃப் என்பவன் கர்ப்பவதியான ஓர் இளம் நடனப் பெண்ணை அடித்தே கொல்கிறான். அவனை எல்லோரும் அருவருத்தார்கள். பிறகு டோனி அவனைக் கொன்றபோது, டோனி தர்மதேவதையாகவே ஆகிவிட்டான்!

மற்றொரு தந்திரம், பாவத்தின் ஜாதியைப் பார்த்து இறங்குவது. கொள்ளைக் கூட்டத்துக் கொலை நம் வாழ்க்கைக்குத் தூரமானது. கூடத்தில் உட்கார்ந்து பார்க்கும் யாரையும் எதிர்க் கும்பல்காரன் துரத்தப் போவதில்லை. ஆனால் பெண்ணை இழிவு செய்வதும், எளியவனைச் சித்திரவதை செய்து ரஸிப்பதும், நன்றி மறப்பதும் நாம் தெருவிலும் வீட்டிலும் கண்டவை. ஆகவே பத்துப் பேரைக் கொன்றவனை மன்னித்துவிட்டு, ஒரு பெண்ணை அவமதித்தவனை மன்னிக்க மாட்டோம். இதில் ஓரளவு நியாயமும் இருக்கிறது. பகைவனைக் கொல்பவனுக்கு ஒரு காரணமாவது உண்டு; எளியவனை வதைத்து இன்புறுபவனுக்கு அதுவும் இல்லை.

2011 முதல் 2019 வரை வந்த ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ என்ற ராஜா ராணிக் கதையில் ஜாஃப்ரி என்ற இளவரசன் இருக்கிறான். அவனைப்போல் வெறுக்கப்பட்ட பாத்திரம் அபூர்வம். கோழை, திறமை ஒன்றும் இல்லாதவன், தனக்கு நிச்சயித்த பெண்ணைச் சபையில் ஆள்விட்டு அடிப்பித்தவன். அவன் விஷம் உண்டு இறந்தபோது உலகமெங்கும் ரஸிகர்கள் ஆரவாரித்தார்கள். அதே கதையில் ஜேமி என்றொரு வீரன். முதல் பகுதியின் முடிவிலேயே, தன் ரகசியத்தைக் கண்டுவிட்ட சிறுவனைக் கோபுரத்து ஜன்னலிலிருந்து கீழே தள்ளிவிடுகிறான். பிள்ளை கால் இழந்து முடவனாகிறான். இதைக் காட்டிலும் கொடுமை உண்டா? ஆயினும் 2013-இல் அவன் ஒரு கையை இழந்து, வெந்நீர்த் தொட்டியில் அமர்ந்து, தான் ஏன் தன் அரசனையே கொன்றான் என்ற காரணத்தை ஒரு பெண்ணிடம் மனம்விட்டுச் சொல்கிறான். பைத்தியக்கார அரசன் நகரம் முழுவதையும் தீக்கிரையாக்க நினைத்தான். அதைத் தடுக்கவே கொன்றானாம். நமக்குக் கண் கலங்குகிறது. ஜன்னலிலிருந்து விழுந்த பிள்ளை எங்கோ மறைந்து போகிறான். ஜேமி சொன்ன காரணத்துக்கும் அந்தப் பிள்ளைக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்பதை யாரும் யோசிப்பதில்லை. ஒரு பாவத்துக்குச் சொன்ன சமாதானத்தை எல்லாப் பாவத்துக்கும் ரசீதாக எடுத்துக்கொண்டோம்.

* * *

இவ்வளவும் அமெரிக்கர் கண்டுபிடித்த மாயம் என்று நினைத்துவிட வேண்டாம். அன்றிரவு விசாரணையில் என் தாயார் ஒரு பெரிய சாக்ஷியை அழைத்தார்.

“எல்லாம் சரியம்மா. கர்ணன் எந்தப் பக்கம் இருந்தான்? அதர்மத்தின் பக்கந்தானே? அவனுக்காக அழாதவர்கள் யார்?” என்றார்.

நியாயமான கேள்வி. 1964-இல் வெளிவந்த ‘கர்ணன்’ திரைப்படத்தைப் பதினாலு வயதில் பார்த்து அழுதவர் என் தாயார். பிற்பாடு 1988 அக்டோபர் முதல் 1990 ஜூன் வரை ஞாயிற்றுக்கிழமைதோறும் தூர்தர்ஷனில் பி. ஆர். சோப்ராவின் ‘மகாபாரத்’ ஒளிபரப்பானபோது, தெருக்கோடி வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் எங்கள் தெருவே கூடியிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. நான் சிறுவன். ஹிந்தி ஒருவருக்கும் தெரியாது. கதை எல்லோருக்கும் தெரியும். தேர்ச்சக்கரம் மண்ணில் புதைந்த அன்று கர்ணனுக்காகத் தெரு முழுவதும் அழுதது. சகுனி தாயத்தை உருட்டும்போதெல்லாம் சாபமிட்டது. கர்ணனைக் குழந்தையாக ஆற்றில் விட்டதிலிருந்து நாம் அவன் கூடவே நடந்து வந்திருக்கிறோம். பிறப்பினால் அவன் பட்ட அவமானம் ஒவ்வொன்றையும் கண்டிருக்கிறோம். தமிழ்நாட்டில் அவன் கொடை நமக்கு இன்னும் நெருக்கம். கடைசியில் செய்த புண்ணியத்தையும் தானம் கொடுத்தவன் அல்லவா?

என் மனைவி பாரதத்தை என்னைவிடச் சரியாகப் படித்தவள். “அத்தை, சபையிலே திரௌபதியின் ஆடையைக் களையும்படி துச்சாதனனிடம் சொன்னது யார்?” என்று மெல்லக் கேட்டாள்.

என் தாயார் சற்று மௌனமாக இருந்து, “வியாசர் கதையிலே கர்ணன்தான்” என்றார்.

“அதற்கு முன்னே, இது நியாயமில்லை என்று எழுந்து பேசினானே கௌரவரில் ஒருவன்?”

“விகர்ணன். துரியோதனனுடைய தம்பி.”

“அவனை, நீ சிறு பிள்ளை, உனக்குத் தர்மம் தெரியாது என்று அடக்கி உட்கார வைத்தது யார்?”

என் தாயார் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாட்டியின் முகத்தைப் பார்த்து என் மகளும் பேசாமலிருந்தாள்.

கர்ணனுக்காக அழுவது தவறென்று நான் சொல்ல மாட்டேன். பின்னொரு சமயம் கிருஷ்ணனிடம், தான் பாண்டவரைச் சொன்ன கடுஞ்சொற்களுக்காக வருந்துவதாகக் கர்ணனே சொல்கிறான். வியாசர் அவனுடைய பெருமையையும் சிறுமையையும் ஒருங்கே எழுதிவைத்தார். சிறுமையை நாம்தான் சுரண்டி எறிந்துவிட்டோம். ஆனால் நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்: விகர்ணனுக்காக அழுதவர் எத்தனை பேர்? அத்தனை பெரியோர் நிறைந்த சபையில் கணக்குக் கேட்ட வாலிபன் அவன். அவன் பெயரே நம்மில் பலருக்கு நினைவில்லை.

* * *

அன்றிரவு எனக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் பாரதம் அன்று; வேறொன்று. அதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் பாடம் நடத்தும் பத்தாம் வகுப்பில் இரண்டு பையன்கள். முதல் பையன் காலாண்டுப் பரீட்சையில் துண்டுச் சீட்டு வைத்துப் பார்த்து எழுதினான். நான் கண்டுபிடித்தேன். அவன் தகப்பனார் நோயாளி என்பதும், தாயார் இரவில் தையல் வேலை செய்வதும் எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காபி அருந்தியிருக்கிறேன். சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, தனியே அழைத்துப் புத்தி சொல்லி அனுப்பினேன். தலைமையாசிரியருக்குத் தெரிவிக்கவில்லை.

அரையாண்டுப் பரீட்சையில் இரண்டாமவன் அதே காரியத்தைச் செய்தான். அவன் வீடு எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. கையும் களவுமாகப் பிடித்தபோது அவன் அழவில்லை. என்னை நேரே பார்த்து, “போன பரீட்சையில் அவனும் இப்படித்தானே சார் எழுதினான்? அவனை மட்டும் ஏன் விட்டீர்கள்?” என்று கேட்டான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சீட்டோடு தலைமையாசிரியரிடம் அழைத்துச் சென்றேன். நான் எழுதிக் கொடுத்த அறிக்கையில், காப்பியடித்த குற்றத்துக்கு ஒரு வரி. எதிர்த்துப் பேசிய குற்றத்துக்கு மூன்று வரி. ஒரு வாரம் பள்ளிக்கு வரலாகாது என்று தண்டனை ஆயிற்று. அவன் திரும்பி வந்தான். முன்பெல்லாம் வகுப்பில் அடிக்கடி கைதூக்கிச் சந்தேகம் கேட்பவன். திரும்பி வந்தபிறகு ஒரு முறைகூடக் கை தூக்கவில்லை. ‘பையன் அடங்கிவிட்டான்’ என்று நான் திருப்தியடைந்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

முதல் பையனுடைய வீட்டில் என் காமிரா இருந்தது. இரண்டாமவனை நான் வாசற்படியில் மட்டுமே பார்த்தேன். அவனும் கேள்வியோடு நின்றான். என் ஓரவஞ்சனையை நானே பாராமல் இருப்பதற்காகப் போட்டிருந்த திரையை அவன் இழுத்துவிட்டான். நான் தண்டித்தது துண்டுச் சீட்டுக்காக அல்லவே!

மறுநாள் மாலை அவன் வீட்டைத் தேடிக்கொண்டு போனேன். அங்கே ஏதோ பெரிய சோகக் கதை ஒளிந்திருந்தது என்று எழுதினால் இந்தக் கட்டுரை சுவையாக முடியும். அப்படி ஒன்றும் இல்லை. தகப்பனார் சுகமாக இருக்கிறார். பையன் படிக்கவில்லை, பயந்து சீட்டு எழுதிக்கொண்டு போனான். அவ்வளவுதான். நான் கற்றுக்கொண்டதும் அதுதான். கதை இருப்பவனுக்குத் தயவு, கதை இல்லாதவனுக்குத் தண்டனை என்பது நியாயமாகாது. கதை கேட்டு இரங்குவது நல்ல குணம். ஆனால் யார் கதையைக் கேட்டோம், யார் கதையைக் கேட்காமலே விட்டோம் என்பது பெரும்பாலும் தற்செயல். அந்தத் தற்செயலின்மீது தீர்ப்பைக் கட்டலாமா?

தலைமையாசிரியரிடம் காலாண்டில் நடந்ததையும் நான் மறைத்ததையும் சொல்லி, இரண்டாமவனைப் பற்றி எழுதிய மூன்று வரிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். முதல் பையனைத் தண்டிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. அவனுக்குக் கிடைத்த தயவு இவனுக்கும் கிடைத்திருக்க வேண்டும் என்றே சொன்னேன். பையனிடமும் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லை சார்” என்றான்.

* * *

ஆகவே நேயர்களே, தொலைக்காட்சியைப் பார்க்காதீர்கள் என்று நான் உபதேசம் செய்யப் போவதில்லை. திறமையாகச் சொல்லிய கதை, நாம் ஒருபோதும் நுழைய முடியாத ஒரு மனத்துக்குள் நம்மைக் கொண்டுபோய் வைக்கிறது. கொலைகாரனும் நம்மைப் போல அழுவான் என்று அறிவது நஷ்டமன்று. ஒரு சிறு காரியம் மட்டும் செய்யலாம். ஒரு பாத்திரத்தின்மீது கோபம் பொங்கும்போது, இந்தக் கோபம் இவர் செய்த தீங்குக்காகவா, அல்லது நமக்குப் பிரியமானவரிடம் இவர் கணக்குக் கேட்பதற்காகவா என்று ஒரு கணம் யோசித்துப் பாருங்கள். கூடத்தில் பழகிக்கொண்டால் வெளியிலும் அது கைகொடுக்கும். மாமியார் மருமகள் வழக்கிலும், மூத்த பிள்ளை இளைய பிள்ளை வழக்கிலும், நமக்குப் பிரியமான தலைவர்களைக் கேள்வி கேட்பவர்களிடத்திலும் இந்தக் கேள்வி பயன்படும்.

நேற்றிரவு தொடரின் கடைசிப் பகுதியையும் பார்த்து முடித்தோம். அதில் வால்டர் ஒயிட் தம் மனைவியிடம் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறார். செய்ததெல்லாம் குடும்பத்துக்காக அன்று, தமக்காகவே செய்தாராம், அது அவருக்குப் பிடித்திருந்ததாம். ஸ்கைலர் ஐந்து பருவங்களாகக் கேட்டு வந்த கணக்குக்கு அன்றுதான் பதில் கிடைத்தது. என் மகள் என் மனைவியைத் திரும்பிப் பார்த்து, “அம்மா, வழக்கில் நீதான் ஜயித்தாய்” என்றாள். “வழக்கிருக்கட்டும், அந்தத் துணிகளை எடுத்து உள்ளே வை” என்றாள் என் மனைவி.

வகுப்பில் அந்தப் பையன் இன்னும் கை தூக்கவில்லை. தினந்தோறும் பாடம் முடிந்ததும், “யாருக்காவது சந்தேகம் உண்டா?” என்று கேட்டுவிட்டு, அவன் பெஞ்சியின் பக்கம் பார்த்துச் சற்று அதிக நேரம் நிற்கிறேன்.